சகலைக்கு முன்னால் ஒரு எண்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொறியியல் இதழில் வேலை. கட்டுரை எழுதுவதல்ல, அடுத்தவர் எழுதிய கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தைச் சரிபார்ப்பது. எந்தத் தகவலை எந்த இதழிலிருந்து எடுத்தார்கள் என்ற மேற்கோள் பட்டியல் அங்கேதான் இருக்கும். எழுதியவர் பெயர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு என்று ஒரு காற்புள்ளி தவறினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. அந்தப் பட்டியலில் அகரவரிசை கிடையாது. கட்டுரைக்குள் எது முதலில் பேசப்படுகிறதோ அதற்கு எண் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. பின்னால் எத்தனை இடத்தில் வந்தாலும் சதுர அடைப்புக்குறிக்குள் அதே எண்தான். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

இவரும் ஒரு கட்டுரை எழுதியவர்தான். கல்யாணமான புதிதில், தண்ணீர்க் குழாய் இணைப்புகளில் விழும் விரிசலைப் பற்றி. அதோடு சரி. என் தங்கை புருஷனுக்கும் அதே குழாய், அதே விரிசல். ஆனால் அவர் எழுதியது நாற்பதுக்கு மேல். அப்பா வீட்டுக்கு யார் வந்தாலும் சின்ன மாப்பிள்ளையின் படம் போட்ட இதழ்தான் முதலில் வெளியே வரும். பெரிய மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்.

சகலை வீடு கட்டியதெல்லாம் இவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று மாதாமாதம் எண்ணுவார். தன்னுடையதையும் எண்ணுவார், அதற்கு விரல் தேவைப்பட்டதில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் எரியத்தான் செய்தது. தங்கை போன் செய்து, அவர் மறுபடியும் மாநாட்டுக்குப் போகிறார் என்று இழுக்கும்போது, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். முன்பின் தெரியாத யாரோ எழுதிய கட்டுரையில் இவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். குரலே வேறாக இருந்தது. சாயங்காலம் வரும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. பட்டியலில் சகலை ஒன்று, இவர் இரண்டு.

முதலில் வருவதால் மட்டும் அது உசத்தி ஆகிவிடாது என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் போனில் விளக்குகிற மனிதர் மறுநாள் செய்த காரியத்தைக் கேளுங்கள். முன்னுரையில் இரண்டு வாக்கியங்களை முன்பின்னாக மாற்றிவிட்டார். நடைக்காக அப்படி மாற்றுவது அங்கே சகஜம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் ஒன்று, சகலை இரண்டு. பட்டியலையும் அதற்கேற்ப மாற்றினார். முதல் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர், ஆறாம் பக்கத்தை மறந்துபோனார்.

இதழ் அச்சாகி வந்தது. இரண்டு பிரதி கொண்டுவந்தார், ஒன்று அப்பாவுக்கு. இவர் குளிக்கப் போயிருந்தபோது நான் புரட்டினேன். ஆறாம் பக்கத்தில், இந்த ஆய்வில் சோதனையே தவறாகச் செய்யப்பட்டிருக்கிறது, அளவுகளை நம்புவதற்கில்லை என்று ஒரு வரி. பக்கத்தில் எண் ஒன்று.

"என்னங்க, உங்களைத் திட்டியில்ல எழுதியிருக்காங்க?" என்றேன்.

தலைகூடத் துவட்டாமல் வாங்கிப் பார்த்தார். திட்டு வாங்கியது சகலை. எண்ணை அங்கே மாற்றாததால் அது இவர் தலையில் விடிந்திருந்தது. ஆபீஸில் சொல்லித் திருத்தலாம் என்றால், வாக்கியத்தை ஏன் மாற்றினாய் என்ற கேள்வி வரும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு வைத்திருந்த பிரதி அலமாரியிலேயே கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் சகலையே கூப்பிட்டார். எனக்கும் கேட்கிற மாதிரி இவர் போனை மேஜைமேல் வைத்தார்.

"அண்ணே, ஆறாம் பக்கத்துல திட்டு வாங்க வேண்டியவன் நான். நம்பர் மாறி உங்க மேல விழுந்திருச்சு. திருத்தம் போடச் சொல்லி இதழாசிரியருக்கு எழுதிட்டேன்."

அது உன்னைத்தான் என்று எப்படித் தெரியும் என்று இவர் மெல்லக் கேட்டார்.

"அந்தக் கட்டுரையை இதழ்ல போடலாமான்னு பாத்துச் சொல்லச் சொல்லி எனக்குத்தானே முதல்ல அனுப்பினாங்க. என்னைத் திட்டினது நியாயம்தான், விட்டுட்டேன். உங்க கட்டுரையை அதை எழுதினவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் படிச்சுச் சேர்க்கச் சொன்னேன். அவர் திருத்தி அனுப்பினப்போ நீங்க ரெண்டாவதா இருந்தீங்க. எப்படி மாறுச்சுன்னு நான் யார்கிட்டயும் கேக்கலண்ணே."

இவர் நன்றி சொல்லி வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"யாரோ ஒருத்தன் தானாத் தேடி என்னைப் படிச்சிருக்கான்னு நெனச்சேன்."