இடால்மிஸ் அறுத்துப் பற்றவைத்த அச்சு

சந்தியாகோ போகும் வழியில் புவெர்த்தோ மோயா ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தோம். காருக்கு அடியில் குண்டு வெடித்ததுபோல் ஒரு சத்தம். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டின் முனையில், மூட்டுபோல் வளைந்துகொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பான கிராஸ் உடைந்து, தண்டு கழன்று தார் ரோட்டைக் கீறிக்கொண்டு வந்தது. பின்னோக்கி உருளத் தொடங்கிய வண்டியை இடால்மிஸ் ரோக்கே ஓரத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினாள். உள்ளே இருந்த ஏழு பேரில் யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த வண்டியில் உடைந்த மூன்றாவது கிராஸ் அது.

நான் அவள் பக்கத்து வீட்டுக்காரி. தைத்த துணிகளை விற்க வாராவாரம் பயாமோவிலிருந்து சந்தியாகோவுக்கு அவள் வண்டியில்தான் போவேன். அதனால் மறுநாள் டாக்சி நிறுத்தத்தில் நடந்ததையும் நேரில் பார்த்தேன். அங்கே யார் எப்போது ஆளேற்றுவது என்று முடிவுசெய்பவன் ரெய்னெரியோ. எல்லா ஓட்டுநர்களும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னான்.

"இந்தத் தகரத்தை எனக்கு வித்துட்டு வீட்டுல போய் சமை, இடால்மிஸ். உன் வண்டி வழியில உடைஞ்சு நின்னு எங்க எல்லார் பொழப்பும் கெடுது. இனிமே வரிசையில உனக்கு இடம் இல்ல."

"எனக்குச் சமைக்க வராது ரெய்னெரியோ. ஒருநாள் சாப்பிட வா. அப்புறம் நீயே என் கையைப் பிடிச்சு, போய் வண்டி ஓட்டும்மான்னு கெஞ்சுவே."

ஆண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அவள் சர்க்கரை ஆலையில் வெல்டராக இருந்தவள். ஆலையை மூடியபின், பாதி துருப்பிடித்துக் கிடந்த ஐம்பத்தொன்றாம் வருஷத்து செவ்ரோலேயை வாங்கி, லாரி டீசல் எஞ்சின் ஒன்றையும் ஜீப்பின் பின் அச்சு ஒன்றையும் அதில் தானே பொருத்தினாள். கியூபாவில் இதெல்லாம் அதிசயமில்லை. ஆனால் அவள் வண்டி வேகம் பிடித்ததும் நடுங்கும். பின்சீட்டில் உட்கார்ந்தால் பல் கிடுகிடுக்கும். நல்ல கிராஸாகப் பார்த்துப் போடு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

"கிராஸ் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் என்னிடம். "அதைக் கோணலா நிக்கவெச்சு ஓடச்சொன்னா, இடுப்பு உடையாம என்ன செய்யும்?"

விஷயம் இதுதான். கியர் பெட்டியின் வால் எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறதோ, அச்சிலிருந்து முன்னால் நீண்டு தண்டோடு இணையும் பினியன் என்ற பல்சக்கரத்தின் மூக்கு ஏறக்குறைய அவ்வளவு மேலே பார்க்க வேண்டும். அப்போதுதான் தண்டின் இரு முனையிலும் உள்ள கிராஸ்களில் ஒன்று கிளப்பும் குலுக்கலை மற்றது அடக்கும். அவள் வண்டியில் மூக்கு ரொம்பத் தூக்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துப் பாகைமானி ஒன்றில் நூலைக் கட்டி, நுனியில் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதையே அளவுகோலாக்கிக்கொண்டாள். வண்டியின் உடம்பை ஜாக்கியில் தூக்கிவைத்து அளந்தாள். வண்டியின் பாரத்தைத் தாங்கும் வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு செருகி மூக்கைத் தாழ்த்தினாள். இரண்டு கோணமும் ஒத்துவந்தன. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனவள், முன்னைவிட மோசமான நடுக்கத்தோடு நிறுத்தத்தைக் கடந்தாள்.

"ஏம்மா, வண்டி ரும்பா டான்ஸ் ஆடுதா?" என்று கத்தினான் ரெய்னெரியோ. அவள் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்பேனரைச் சுவரில் எறிந்தாள். சுவரில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் வண்டியை வீட்டுக்கு முன்னால் வறண்டு கிடந்த சாக்கடைப் பள்ளத்தின் இருபுறமும் சக்கரம் நிற்கும்படி நிறுத்திவிட்டு, தெருவில் நின்று கூவினாள்.

"எல்லாரும் வந்து ஏறுங்க! எங்கயும் போகல, சும்மா உட்காரணும்!"

தூக்கிவைத்த வண்டியில் அச்சு காற்றில் தொங்கும், அந்த அளவு பொய் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வண்டி தன் காலில் நின்று, ஆள் பாரமும் ஏறினால்தான் பட்டை அமுங்கும், மூக்கும் தன் உண்மையான நிலைக்கு வரும். நான் ஏறினேன். ரொட்டிக்கடை எலாடியோ ஏறினபோது வண்டி முனகியது; பள்ளத்துக்குள் இறங்கிப் படுத்திருந்த இடால்மிஸ் குரல் கொடுத்தாள்.

"எலாடியோ, நீ நடுவுல உட்காரு. நீ ஒருத்தனே ரெண்டு டிக்கெட்."

"அடியில படுத்துக்கிட்டு என் உடம்பைப் பத்திப் பேசாதடி. கொஞ்சம் அசைஞ்சேன்னா அப்பளமாயிடுவே."

ஏழு பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கெட்டவார்த்தை வந்தது. பிறகு பெரிய சிரிப்பு.

"ஆப்பெல்லாம் போதாது. பட்டை உட்காருற இருக்கையையே தப்பா பத்தவெச்சிருக்கேன். வேற யாரு, நான்தான்!"

கரண்ட் வந்த நேரமெல்லாம் வேலை செய்தாள். அச்சின் மேலிருந்த இரண்டு இருக்கைகளையும் அறுத்தெடுத்தாள். அச்சைக் கொஞ்சம் திருப்பி, வண்டியை நிறுத்தி, எங்களை மறுபடி ஏற்றி அளந்தபின் பற்றவைத்தாள். ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும்போது மூக்கு தானாக மேலே எழும்பும் என்பதால், கணக்குக்குச் சற்றுத் தாழ்வாகவே வைத்தாள்.

முதல் ஓட்டத்துக்கு அதே ஏழு பேர். ஏற்றம் தொடங்கியதும் எலாடியோ கோப்ரே மாதாவை வேண்டிக்கொண்டு கண்ணை மூடினான். கார் இழுத்தது, புகை கக்கியது. ஆனால் நடுங்கவில்லை. உச்சியைத் தொட்டதும் இடால்மிஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. ஆளில்லாமல் ஓட்டினால் மட்டும் ஒரு வேகத்தில் மெல்லிய ரீங்காரம் வந்தது. அதை அவளால் போக்க முடியவில்லை. "காலி வண்டியை எதுக்கு ஓட்டணும்?" என்று விட்டுவிட்டாள்.

ரெய்னெரியோ மசியவில்லை. வரிசையில் இடமில்லை என்றால் இல்லைதான் என்றான். அவள் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. வண்டியைத் திருப்பி, எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த சினிமா கொட்டகையின் நிழலில் நிறுத்திக் குரல் கொடுத்தாள்: "சந்தியாகோ! சந்தியாகோ!"

அவன் ரோட்டைத் தாண்டி வந்தான். "இங்க நிறுத்த யாரு உனக்குச் சொன்னது?"

"லைசென்ஸ் இருக்கு, வண்டி இருக்கு. ரோடு என்ன உங்கப்பன் வீட்டு வாசலா? வழியை விடு, ஆள் ஏறணும்."

அவனுக்குப் பின்னால் பெட்டியும் கோழியுமாக ஒரு குடும்பம் காத்திருந்தது. மூன்றாவது கிராஸ் உடைந்த அன்று வண்டியில் இருந்த கிழவர் ஒருவரும் நின்றார். அவர்தான் முதலில் ரெய்னெரியோவை ஒதுக்கிவிட்டு முன்சீட்டில் ஏறினார்.

இப்போது கொட்டகை நிழலில் நான்கு வண்டிகள் நிற்கின்றன. அவற்றில் மூன்று, அந்தப் பக்கத்து வரிசையிலிருந்து வந்தவை. ரெய்னெரியோ இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. அவளும் அவனைப் பார்த்தால் ஹாரனை மட்டும் அடிக்கிறாள்.