புழு அக்காவின் வாளி

பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வட்டாரத்து நூற்றிருபது வீடுகளுக்கும் அவள் புழு அக்காதான். சுகாதாரத் துறையில் வேலை. வாரம் ஒருமுறை வீடு வீடாய்ப் போய், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இருந்தால் வாசல் கதவில் சிவப்பு ஸ்டிக்கர். "டிரம்மை மூடித்தான்மா வச்சிருக்கேன்" என்று யார் சொன்னாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்.

"வாயால சொல்லாதீங்க. தூக்கிக் காட்டுங்க."

கையில் எப்போதும் ஒரு கண்ணாடிப் பாட்டில். அதற்குள் பத்துப் பதினைந்து கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். டெங்குவைப் பற்றி வாய் வலிக்கச் சொன்னாலும் கொட்டாவி விடுகிற ஜனங்கள், பாட்டிலை மூக்குக்கு நேரே நீட்டியதும் அலறியடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பார்கள்.

வந்தது வினை. மூன்று வருஷம் இப்படி அலற வைத்ததில் வட்டாரமே சுத்தமாகிவிட்டது. பாட்டிலில் போடப் புழு கிடைக்கவில்லை! பிடித்த புழுவோ நாலைந்து நாளில் கொசுவாகிவிடும். வாராவாரம் புதிதாக வேண்டும். எங்கே போவாள்? தன் வீட்டுக் கொல்லையில் ஒரு வாளித் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்தாள். கொசு வந்து முட்டையிட்டது. உடனே வாளியின் வாய்க்கு வலைத்துணி போட்டு, சுற்றி இறுக்கமாய் ரப்பர் பட்டை மாட்டினாள். நல்ல காரியத்துக்காகத்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நல்ல காரியத்துக்காக நடந்த கூத்துகளைச் சொல்லப் போனால் நமக்குப் பொழுது போதாது.

அந்த மாதம் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் எட்டு வயது மகளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. புழு அக்கா கொதித்துப் போய்த் தையல்காரர் வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். அகப்பட்டது, இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்க அவர் வைத்திருந்த ஒரு கிண்ணம் தண்ணீர். அதில் புழு என்று பேருக்குக்கூட ஒன்றில்லை.

"காலையிலதான்மா பிடிச்சு வச்சேன்."

"இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வரும். பெத்த பொண்ணு படுத்துக் கிடக்கு, இன்னுமா உங்களுக்கு உறைக்கலே அண்ணே?" என்றவள், தெருவே பார்க்க ஸ்டிக்கரை ஒட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தால், பேக்கரியில் ரொட்டி சுடுகிற அவள் புருஷன் வாளியருகே குந்தியிருந்தான். வலைத்துணி அவன் தோளில் கிடந்தது. விரலால் ரொட்டித் தூளைத் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"பாவம், வாயில்லா ஜீவனுங்க. நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிடறே, யாரு தீனி போடறது? ரெண்டு வாரமா நான்தான் பார்த்துக்கறேன்."

"இந்தத் துணி?"

"இறுக்கிக் கட்டினா மூச்சு முட்டாதா? பகல்ல சும்மா மேல போட்டு வைப்பேன், ராத்திரி பட்டையை மாட்டிடுவேன்."

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். முப்பதுக்கு மேல் இருந்த இடத்தில் நாலுதான் நெளிந்தன. மேலே வெறும் தோல்கள் மிதந்தன.

"மத்ததெல்லாம் எங்கேங்க?"

"நல்லா வளர்ந்து பறந்து போயிடுச்சு," என்றான் அந்த மகராசன், பெருமையாக.

அவள் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். வாளிக்கும் தையல்காரர் வீட்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு குட்டிச் சுவர்தான். அந்தக் குழந்தை தினமும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதும்.

விஷயம் புரிந்ததும் புருஷனின் முகத்தில் ஈயாடவில்லை. "எந்தக் கொசு கடிச்சதுன்னு யாரு கண்டா? பேசாம விட்டுடேன்," என்றான். ஒரு நிமிஷம் அவளுக்கும் அது இனிக்கத்தான் செய்தது. பிறகு வாளியைக் காய்ந்த மண்ணில் கவிழ்த்து, தேய்த்துக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அண்ணே, உங்க கிண்ணத்துல ஒண்ணுமில்லே. என் வீட்டு வாளியிலிருந்து வந்திருக்கு. நான்தான் வளர்த்தேன்."

மகளின் கட்டிலருகே இருந்த தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போயிடும்மா," என்றார். "நான் ஏதாவது சொல்லிடப் போறேன்."

அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம். தெருவுக்குத் திரும்பியதும் அவர் கதவிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். தன் கதவில் புதிதாக ஒன்றை ஒட்டினாள். தெரு கைகொட்டிச் சிரித்தது. மேலதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. தட்டணு ஏறிச்சா என்று தினமும் இரண்டு வேளை நர்ஸைப் பிடுங்கியெடுத்தாள்.

எட்டாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். தையல்காரர், கையில் டார்ச்சோடு. பக்கத்தில் ஈர்க்குச்சியாய் மெலிந்த மகள்.

"வீட்டுல தண்ணி எங்கெல்லாம் இருக்கு?" என்று விறைப்பாகக் கேட்டார்.

"ஒரே ஒரு டிரம்தான் அண்ணே. மூடித்தான் வச்சிருக்கேன்."

"வாயால சொல்லாதீங்க அத்தை," என்றது குழந்தை. "தூக்கிக் காட்டுங்க."

புழு அக்கா மூடியைத் தூக்கினாள். குழந்தை நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. விசித்து விசித்து அழுதாள்.

"போதும்மா," என்றார் தையல்காரர். "கீழே தேங்கிடப் போகுது."