பனங்கருக்குக் கத்தி கேட்ட கேள்வி

தருமபுரிப் புளி மண்டியில் இன்றைக்கு என்னை எதிர்த்து விலை கேட்க ஆம்பளைகளே இரண்டு தடவை யோசிப்பார்கள். படிப்பு ஐந்தாவதோடு சரி. பேசி ஜெயிக்கும் வித்தையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்து வயதில், ஒரு பனமட்டையை வைத்து நானே கண்டுபிடித்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்.

கோடை லீவில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் ராஜா சண்டை விளையாடுவோம். ஏரிக்கரைதான் கோட்டை. பையன்கள் ராஜா, தளபதி, அரக்கன். நான் ராணி. ராணிக்கு என்ன வேலை? புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்து, அரக்கன் தூக்கிக்கொண்டு போனால் அழ வேண்டும். சில நாள் அழுது பார்த்தேன். அலுத்துவிட்டது.

காய்ந்து விழுந்த பனமட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஓரமும் ரம்பப் பல் மாதிரி கருக்கு. பார்த்தாலே பயம் வரும்.

"அரக்கன் செத்தப்ப அவன் உசுரு இந்தக் கத்திக்குள்ள பூந்துக்கிச்சு. இதுக்குக் காது கேக்கும், பேசும். புடிச்சவங்களுக்குத் தோல்வியே கெடையாது" என்றேன்.

"அப்ப எங்கிட்டக் குடு" என்று தளபதி கை நீட்டினான்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. நல்லதை மட்டும் சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள். "குடுக்கறேன். ஆனா சாபம் இருக்குது. கத்தி என்ன சொல்லுதோ அதை, எதுத்தாப்பல யாரு இருந்தாலும் சத்தமாச் சொல்லிடணும். முழுங்கிட்டா கை மட்டையாப் போயிடும்" என்றேன்.

அவன் வாங்கினான். நான் மட்டையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடிக்கட்டை எடுத்தது யாருன்னு உங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுதுடா" என்றேன். மட்டை தொப்பென்று கீழே விழுந்தது. அடுத்து நின்ற கன்னடக்கார வீட்டுப் பையனிடம் நீட்டினால், வேண்டாம் என்பதைத் தன் பாஷையில் "பேடா, பேடா" என்று கத்திக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

அன்று முதல் நான்தான் ராஜா. 'கறுப்புப் புளிதான், ஆனா புளிப்பு ஜாஸ்தி' என்று இன்றைக்கும் குறையையும் சேர்த்துச் சொல்லித்தான் விற்கிறேன். அப்படிச் சொன்னால்தான் சரக்கை நம்புகிறார்கள்.

இதில் ஒரு விஷயம். அது நான் கட்டிய கதை என்பது கொஞ்ச நாளில் எனக்கே மறந்துபோனது. கத்தியைக் கீழே வைக்காமல் சாப்பிட்டேன், பக்கத்தில் போட்டுத் தூங்கினேன். அம்மா திட்டினாலும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் அக்காவைப் பெண் பார்க்க அரூரிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அக்கா டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, ஹையருக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டின் ஓரத்தில்கூட அவள் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். எழுதிவிட்டுப் போகிறேன் என்று அப்பாவிடம் கெஞ்சினாள்.

"கல்யாணம் ஆனா மிஷின் எதுக்கு? அவங்ககிட்ட இதையெல்லாம் கேட்டா, பொண்ணு வாயாடின்னு எழுந்து போயிடுவாங்க. ஏற்கனவே ஒரு எடம் தட்டிப்போச்சு" என்றார் அப்பா. பரீட்சையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு.

அவர்கள் வருகிற நாள் காலையில் அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: "பாப்பா, விடிகாலைல உன் கத்தி எங்கிட்டப் பேசுச்சுடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கத்தி, என்னை விட்டுவிட்டு இவளிடம் பேசுவதா? "எப்படிப் பேசுச்சு, சொல்லு பாக்கலாம்" என்றேன்.

"பச்சை வெறகு எரியறப்ப சீறுமே, அந்த மாதிரி."

யோசித்துப் பார்த்தேன். அதே குரல்தான்! வேறு வழியில்லாமல், என்ன சொன்னது என்று கேட்டேன். அக்கா குனிந்து என் காதில் சொன்னாள்.

அரூர்க்காரர்கள் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. அக்கா காபி கொடுத்துவிட்டுச் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா என் கையில் இருந்த மட்டையைப் பார்த்துச் சிரித்து, "ஏம் பாப்பா, இதென்ன ஆயுதம்?" என்றார்.

"பேசற கத்திங்க."

"அடேங்கப்பா! இப்ப என்ன பேசுது?"

கேட்டுவிட்டார். இனி முழுங்கினால் என் கை போய்விடும். சத்தமாகச் சொன்னேன்: "கல்யாணம் ஆனப்புறம் எங்கக்காவை ஹையர் பரீட்சை எழுத வுடுவீங்களான்னு கேக்குதுங்க."

அப்பாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளையின் அம்மா குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா எழுந்து என்னைத் தூக்க வருவதற்குள் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க கடைக்கு எதுத்த மாடியிலயே இன்ஸ்டிட்யூட் இருக்குதுங்க. காலைல கடை தொறக்கப் போறப்ப நானே சைக்கிள்ல கூட்டிக்கிட்டுப் போயி வுட்டுடறேன். ஹையர் என்ன, எது வேணும்னாலும் எழுதட்டுங்க."

அவருடைய அம்மா கன்னத்தில் கை வைத்தார். "ஏன்டா, பொண்ணு புடிச்சிருக்கான்னே நீ இன்னும் வாயத் தொறக்கல. அதுக்குள்ள சைக்கிள எடுத்துட்டயா?"

கூடமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சம்பந்தம் அங்கேயே முடிவானது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் நான் பேசி முடித்த முதல் பேரம் அதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன், யாரும் மறுத்ததில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே கோபம். கேள்வி கேட்ட கத்தி இருந்தது என் கையில், கூடத்தின் நடுவில். மாப்பிள்ளையோ சமையல்கட்டுக் கதவைப் பார்த்தபடியே பதில் சொல்லி முடித்திருந்தார். "மாமா, கத்தி இங்க இருக்குது" என்று ஆட்டிக்கூடக் காட்டினேன். அப்போதும் அவர் பார்வை திரும்பவில்லை.

விஷயம் விளங்கிவிட்டது. உள்ளே ஓடி அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "நல்லா விசாரிச்சீங்களாம்மா? மாப்ளைக்கு ஒண்ணரைக் கண்ணு!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் அக்கா சுவரில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். பாவம், இப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்துவிட்டதே என்று அழுகிறாள் போலிருக்கிறது. ஆறுதலாக இருக்கட்டும் என்று என் கத்தியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.