நான்கு மணி நேரத்துக்குள் மாரத்தான் முடிக்க, கோவில்பட்டியில் ஒன்பது வாரம்

மூன்று வருடம், மூன்று மாரத்தான்: 4:21, 4:19, 4:22. நான்காவதும் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் ஷூவைத் தூக்கிப் போட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வியாதி எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு, திங்கள் முதல் சனி வரை அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அதனால் ஜனவரிப் பந்தயத்துக்காக, லேப்டாப் வேலையோடு அக்டோபர் கடைசியில் கோவில்பட்டிக்குப் போனேன். சமமான ரோடு, தெரிந்தவர் யாருமில்லை, நிம்மதியாக ஓடலாம் என்று நினைத்தேன் பாருங்கள்!

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ், மாதம் ஒன்பதாயிரம். காலை 5:15க்குக் கிளம்பி, எட்டயபுரம் சாலைப் பக்கத்துக் கிராமத்து ரோட்டில் நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்புவது, வாரம் ஆறு நாள். முதல் நாளே 5:45க்கு டவுனுக்குப் போகும் மினி பஸ் ஒன்று பக்கத்தில் வந்து பிரேக் போட்டது.

"பஸ்ஸ விட்டுட்டீயளா அண்ணாச்சி? ஏறுங்க," என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே, சும்மா ஓடுறேன்."

"சும்மா எதுக்கு ஓடணும்? டிக்கெட் வேண்டாம், ஏறுங்க."

முதல் நான்கு நாளும் இதே கூத்து. பால் வண்டி, பைக் எல்லாம் நின்றன. வெயிலில் யாரையும் நடக்க விடாத ஊர், ஓடுபவனை விடுமா? என் வேகக் கணக்கு நாசமானது. ஐந்தாம் நாள் கத்தியே விட்டேன். பிறகு பஸ் நிற்கவில்லை, ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனது.

இரண்டாம் வாரம் மழை. அதிபுத்திசாலித்தனமாகக் கரிசல் பாதையில் இறங்கினேன். ஷூவுக்கு அரைக் கிலோ மண் ஏறியது. அந்த எரிச்சலில் மறுநாள் தூங்கிவிட்டேன். அதற்கும் மறுநாள் பஸ் குறுக்கே நின்றது. கண்டக்டர் இறங்கியே வந்துவிட்டார்.

"நேத்து எங்க போனீய? ஓடைக்குள்ள விழுந்து கெடக்கீயளோன்னு டார்ச் அடிச்சுத் தேடிக்கிட்டே வந்தோம். லேட்டாயிருச்சுன்னு தீப்பெட்டி ஆபீஸ்ல இவியள அரை மணி நேரம் வெளிய நிப்பாட்டிட்டாவ!"

ஜன்னலெங்கும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள். "தூங்கிட்டேன்," என்றேன்.

"தூங்கினீயளா?" என்றார் ஓர் அம்மா. அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர முடியாது. மானம் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. ஒழுக்கமெல்லாம் இல்லை, பயம். வாரம் 48 கிலோமீட்டர் மெல்ல மெல்ல 70 ஆனது. முதல் வாரம் மூச்சு வாங்காமல் ஓடக் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்தவன், எட்டாம் வாரம் ஆறேகாலில் பேசிக்கொண்டே ஓடினேன்.

ஜனவரியில் 3:57:48. முடிவுக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்து அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்குப் பிறகு தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். வழியில் கடை கிடையாது, தண்ணீர் கையில் வேண்டும். பையில் இரண்டு கடலைமிட்டாய் போதும், வெளிநாட்டு எனர்ஜி ஜெல் வேண்டாம். ஞாயிறு முப்பது ஓடுவதைவிட தினம் எட்டு ஓடுவது மேல், மெதுவாகவே ஓடுங்கள். லீவு எடுக்கும் நாளை பஸ்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பந்தயத்துக்கு அடுத்த வாரம் மெடலோடு கோவில்பட்டிக்குப் போய், முதல்முறையாக அந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெண்களிடம் கொடுத்தார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. அது முடிஞ்சுபோச்சுல்லா? நாளைக்கு ஓடுவீயளா?"

பஸ்ஸே என்னைப் பார்த்தது. அன்று மாலையே ஊர் திரும்ப ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ரத்து செய்தேன்.