குளியலறையில் ஒரு சிவப்புக் கல்

எங்கள் பாத்ரூமில் கதவைத் திறந்ததும் முதல் அடி வைக்கிற இடத்தில் ஒரு டைல்ஸ் உடைந்துபோனது. உடைத்தது நான்தான். கை நழுவி அண்டாவைப் போட்டேன். தானாக வெடித்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்தால்தான் அவர்களுக்கு உண்மை தெரியும்.

அந்த உடைசல் என் வீட்டுக்காரரின் கால் பெருவிரலைக் கிழித்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை. எங்கள் மகள் திருத்துறைப்பூண்டியில் நர்ஸாக இருக்கிறாள். விரலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"இன்னொரு தடவ வெட்டுப்பட்டா விரல எடுக்க வேண்டியதுதான். சொரசொரப்பா நல்ல கல்லு போடுற வரைக்கும் அப்பா தாழ்ப்பாள் போடக் கூடாது. அம்மா, நீ உள்ள கூடவே நில்லு."

"இவளா? தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பா. அதுக்கு நான் குளிக்காமயே கெடக்குறேன்" என்றார் அவர்.

சொன்னபடியே நாலு நாள் குளிக்கவில்லை. வாய்க்காலில் ஊர் பார்க்கக் குளித்த மனிதர்தான். அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீட்டை ஒட்டி மகள் பாத்ரூம் கட்டிக் கொடுத்த பிறகு, அந்தத் தாழ்ப்பாள் அவருக்குப் பட்டா போட்ட நிலம் மாதிரி ஆகிவிட்டது. அதை நான் கேலி செய்வேன். ஆனால் வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வயலில் நின்றவருக்கு, தன் கையால் மூடிக்கொள்ள ஒரு கதவு இருப்பது பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் கொத்தனார் வந்தார். எங்கள் தெருக்காரர், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர். உடைந்த கல்லை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, கொண்டுவந்த புதுக் கல்லைப் பள்ளத்தில் வைத்து அளவு பார்த்தார். மற்றதெல்லாம் சாம்பல் நிறம். இது நல்ல சிவப்பு.

"பழைய மாடல் இப்ப வர்றதில்ல பெரியம்மா. இந்த அளவுல சொரசொரப்பா இருந்தது இது ஒண்ணுதான்."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நான் மிதிக்க மாட்டேன்."

"கல்லுதானே பெரியப்பா?"

"எனக்குக் கல்லு இல்ல."

கொத்தனாருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாங்கள் அறுவடைக் கூலிக்குச் சண்டை போட்ட காலத்தில், கேட்ட நெல்லைப் பண்ணை தரவில்லையென்றால் வரப்பில் சங்கத்துச் செங்கொடியை நட்டுவிடுவார்கள். நட்ட பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தாண்டி வயலில் இறங்கக் கூடாது. எங்கள் தெருவில் கொடி நட்டவர் இவர்தான். முதலில் தாண்டியவள் நான்தான். மகள் அப்போது கைக்குழந்தை. காய்ச்சல். வீட்டில் கஞ்சிக்கு அரிசி இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு, கண்ணை மூடித் தாண்டி இறங்கினேன். பொங்கல் வரைக்கும் இவர் என்னோடு பேசவில்லை. என் காதுக்கு அவ்வளவு ஓய்வு அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

இப்போது பார்த்தால், அந்தக் கல்லை மிதிக்காமல் எட்டிக் கால் போட்டு உள்ளே போக ஒத்திகை பார்க்கிறார். வழுக்கினால் விரலோடு இடுப்பும் போகும்.

நான் அந்தக் கல் மேல் ஏறி நின்றேன். "ஏங்க, பாருங்க. அன்னைக்கும் நான்தான் தாண்டுனேன், இன்னைக்கும் நான்தான் நிக்கிறேன். கால் ஒண்ணும் வெந்து போவலயே?"

அவர் என் காலைப் பார்த்தார்.

"நீ தாண்டுனதாலதான் புள்ள பொழைச்சுது. அது எனக்குத் தெரியும். அதுக்காக நான் மிதிக்க முடியுமா?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னது அன்றுதான். அதுவும் பாத்ரூம் வாசலில். வாயில் தயாராக வைத்திருந்த அடுத்த கிண்டலை விழுங்கிவிட்டுக் கீழே இறங்கினேன்.

பிறகு உட்கார்ந்து, தரையில் ஒவ்வொரு கல்லாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். முறத்தில் உள்ளே அரிசி பிடிக்காத பொக்கு நெல்லையும் மணி நெல்லையும் சத்தத்திலேயே பிரித்தவள் நான். மூலையில் தண்ணீர் டிரம்மை நகர்த்தித் தட்டியபோது காலிப் பானை மாதிரி கேட்டது.

"இது பொக்கு. எடுத்துப் பாருங்க, முழுசா வரும்."

கொத்தனாரும் தட்டிப் பார்த்தார். "ஆமா பெரியம்மா, அடியில சிமெண்டே புடிக்கல." உளியை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். முழு அப்பளம் மாதிரி உடையாமல் வந்தது. டிரம்முக்கு அடியிலேயே கிடந்ததால் சொரசொரப்பும் தேயவில்லை. அதைச் சுத்தம் செய்து வாசல் பள்ளத்தில் சிமெண்ட் வைத்துப் பதித்தார். சாம்பலோடு சாம்பல்.

"அப்ப செவப்புக் கல்ல டிரம்முக்கு அடியில வச்சிரட்டுமா?"

என் வீட்டுக்காரர் அவரை முறைத்தார். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். "அங்க வையி."

"தரையில போடுற கல்லு பெரியப்பா இது."

"ஒசரமா வையி."

வைத்தார். டிரம்முக்கு அடியில் வெறும் சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் காலையில் அவர் துண்டோடு உள்ளே போனார். வாசல் கல்லில் அழுத்திக் கால் வைத்ததைப் பார்த்தேன். தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏங்க, கொடி ஏத்தியாச்சா?" என்று வெளியே நின்று கேட்டேன்.

தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம்தான் கேட்டது. அந்த நேரத்தில் மகள் போன் செய்தாள்.

"அப்பா குளிச்சாரா? நீ எங்க நிக்கிற?"

"வெளியதான்டி. உள்ள எனக்கு எடம் இல்லயாம்."