தயிர் டப்பாவில் வெள்ளைப்புழு

என் கொழுந்தனைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சீ, அந்தக் கை! நகக்கண்ணில் எப்போதும் மண், விரலிடுக்கில் ஏதோ ஒரு பிசுபிசுப்பு. அந்தக் கையால் தட்டை நீட்டி, "அண்ணி, இன்னும் கொஞ்சம் சோறு" என்பான். நான் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுக்கு வந்து நிற்கும்.

நாற்பத்திரண்டு வயதில் அவன் பார்த்த வேலை பதினொன்று. பட்டறை, அச்சகம், மளிகைக்கடை, எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. குடிக்க மாட்டான், திருட மாட்டான். கால் ஓரிடத்தில் தரிக்காது, அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"ஒரே ஒரு வேலை நிரந்தரம் ஆகட்டும்க்கா. அன்னைக்கே வந்துடுறேன்."

அதனால் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். நான் ஒன்பது வருடமாகத் தரை துடைக்கிற கண் ஆஸ்பத்திரி அது. வாசலில் கார் நிறுத்துகிற இடத்தைக் கொத்திப் போட்டுவிட்டு, புதிதாகப் புல்தரை போட்டிருந்தார்கள். பாய் பாயாகச் சுருட்டி லாரியில் வந்து இறங்கிய புல். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். "மூணு மாசம் பார்ப்போம். புல் நல்லா பிடிச்சுதுன்னா ஆளை வச்சுக்கலாம்" என்றார் பெரிய டாக்டர்.

முதல் மாதம் கண்ணைப் பறிக்கிற பச்சை. இரண்டாவது மாதம் அங்கங்கே மஞ்சள் தட்டியது. தண்ணீர் போதவில்லை என்றார் வாட்ச்மேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார் மருந்து கொடுக்கிறவர். ஆளாளுக்கு நாட்டாமை! அவன் குப்புறப் படுத்து, மஞ்சளாக இருந்த புல்லை ஒரு பிடி பிடித்து இழுத்தான். விரித்த பாயைத் தூக்குவது போல அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. இருந்ததெல்லாம் புழு.

கொழுகொழுவென்று வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, சுருண்டு சுருண்டு கிடந்தன. தின்ற மண் வயிற்றுத் தோலுக்குள் கறுப்பாகத் தெரிந்தது. அவன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறான்.

"பாத்தீங்களா அண்ணி, வேரை எல்லாம் தின்னுட்டு ஐயா எப்படிப் படுத்திருக்காருன்னு!"

"கருமம்! எட்டப் போடா!"

ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன். அதோடு விட்டதா? மறுநாள் காலையில் அடுப்படியில் என் தயிர் டப்பாவைத் திறக்கிறேன், உள்ளே ஏழெட்டுப் புழு நெளிகிறது. பூச்சிமருந்துக் கடையில் காட்டுவதற்காக எடுத்து வைத்தானாம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிவிட்டாள். "உனக்கு வேற டப்பாவே கிடைக்கலையா?" என்றால், "இதுலதான் அண்ணி மூடி இறுக்கமா இருக்கு" என்கிறான். அந்த டப்பாவை அவனுக்கே தலையைச் சுற்றிப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குத் தயிரைக் கண்டாலே குமட்டியது.

கடைக்காரன் சொன்ன மருந்தைப் பெரிய டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். "ஆபரேஷன் முடிஞ்சவங்க வந்து உட்கார்ற இடம். விஷம் ஒரு சொட்டு விழக் கூடாது." அப்புறம் என்ன செய்வது? கையாலேயே பொறுக்கினான். விடிந்ததும் வந்து, ஒவ்வொரு பாயாகத் தூக்கி, மண்ணைக் கிளறி, புழுவைப் பொறுக்கி என் தயிர் டப்பாவில் போட்டுக்கொண்டு, புல்லைத் திரும்ப மிதித்து அமுக்குவான். டப்பாவைச் சுவரோரம் கவிழ்த்தால் காக்கைகள் அடித்துக்கொள்ளும். நர்சுகள் அவனுக்குப் புழு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். சாயங்காலம் மகள் போனில் கேட்பாள், "இன்னைக்கு எத்தனைப்பா?" அவனும் பெரிய சாதனையாட்டம், "நூத்திப் பன்னெண்டு" என்பான். எந்த வேலையிலும் நிற்காதவன் இந்த அசிங்கத்தில் போய் நின்றான். எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. புல்லும் மெல்ல மெல்லத் தெளிந்தது.

பக்கவாட்டுக் கதவுப் பக்கம் மட்டும் தெளியவில்லை. அங்கே மஞ்சள்கூட இல்லை, வெளுத்த வைக்கோல் நிறம். கதவிலிருந்து விசிறி விரித்தது போல ஒரு திட்டு. டாக்டர் பார்க்க வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, அவன் அந்தப் புல்லை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான், அசையவில்லை. மண்ணில் மூக்கை வைத்து முகர்ந்தான். பிறகு தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற என் வாளியைப் பார்த்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் கலந்த தண்ணீர். சாக்கடை கட்டிடத்துக்குப் பின்னால், சுற்றிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் வலி. புல்லுக்கும் தண்ணீர் ஊற்றினாற்போல ஆச்சு என்று, தினமும் துடைத்து முடித்ததும் கதவில் நின்றபடியே வீசி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு அடுத்த பாய்க்குப் போய்விட்டான். அன்றிலிருந்து வாளியைச் சாக்கடை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன், என்னமோ பிறந்ததிலிருந்தே அப்படித்தான் செய்கிறவள் மாதிரி.

டாக்டர் வந்தார். சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது என்னப்பா?"

"புழுதான் சார். ஒரு வாரத்துல சரியாயிடும்."

டாக்டர் குனிந்து அவரே இழுத்துப் பார்த்தார். அந்தச் சோதனையை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இவன்தான். புல் வரவில்லை.

"வேர் கெட்டியா இருக்கே. இது புழு இல்ல. எனக்குத் தெரியாம மருந்து அடிச்சியா?"

நான் நாலடி தள்ளி, கையில் துடைப்பானோடு நிற்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்பது வருட வேலை போய்விடுமோ என்ற பயம், கழுவுற மீனில் நழுவுற மீனாக நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா சார்" என்றான்.

"அவ்வளவு தூரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இந்த மாசத்தோட நின்னுக்கோ."

வீட்டுக்கு வந்தவன் கையைக் கழுவினான். பழைய பல்துலக்கியால் நகத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். என் கண்ணுக்கே அது ரொம்பச் சுத்தமான கையாகத் தெரிந்தது. அவனுக்குச் சோறு போட்டேன். என் கையில் பிளீச்சிங் நாற்றம். சாப்பிட உட்கார்ந்தால் எனக்கு என்னைப் பார்த்தே குமட்டிக்கொண்டு வந்தது. தூ, நானும் ஒரு மனுஷியா?

போன் அடித்தது. யாரென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் அதை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீங்களே பேசுங்க அண்ணி."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் அப்படிக் கறாரான குரலில் பேசியதில்லை.

"அக்கா?" என்றாள் அவன் பெண்டாட்டி. "நிரந்தரம் ஆயிடுச்சுல்ல? இவ இப்பவே துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டா."

"உன் வீட்டுக்காரன் மேல தப்பில்லடி" என்றேன். "வேலை போச்சு. புல்லுல பினாயில் தண்ணிய ஊத்தினது நான். அவன் பழியை ஏத்துக்கிட்டான், நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். காலையில டாக்டர்கிட்ட போய்ச் சொல்றேன், என்ன ஆனாலும் சரி."

அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"பெரியம்மா, இன்னைக்கு அப்பா எத்தனை புழு புடிச்சாரு?"

அவனைப் பார்த்தேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லுங்க அண்ணி. எல்லாத்தையும் எடுத்தாச்சு."

அதைத்தான் அவளிடம் சொன்னேன்.