ஒரே வரிசைக்கு ரெண்டு டோக்கன்

ஹவானாவில் லுயானோ பக்கம் ஒஸ்மேலியாவைத் தெரியாத ஆளே கிடையாது. தெரியாத கோழிகூடக் கிடையாது. கடைக்குக் கோழிக்கறி வருகிற அன்று வரிசையைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். வயது ஐம்பத்தெட்டு, உயரம் அஞ்சடி, குரல் எட்டடி. வருகிறவர்கள் "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டுவிட்டு நிற்பார்கள், அவள் நம்பர் எழுதிய சீட்டைக் கையில் திணிப்பாள். அந்தச் சீட்டைத் தாண்டிப் போன ஒருத்தன் இப்போது வேறு மாகாணத்தில் குடியிருக்கிறானாம்.

அப்பேர்ப்பட்டவளே அன்று மத்தியானம் ஒரு பெட்டியிடம் மாட்டிக்கொண்டாள்.

தம்பி எலிசேயோ பாட்டுக்காரன். ஹோட்டல்கள் மூடினதிலிருந்து ரெண்டு வருஷமாக வேலை இல்லை. மெக்சிகோவில், கான்கூனில் ஒரு ஹோட்டல்காரர் மூன்று மணிக்கு வீடியோவில் அவன் பாட்டைக் கேட்கப்போகிறார். சரியாக மூன்றுக்கு வராதவன் பெயரை அடித்துவிடுவாராம். எலிசேயோவோ காலை உடைத்துக்கொண்டு, படுக்கை போட்டிருக்கிற மரப்பரணில் கிடக்கிறான். தொடைவரை மாவுக்கட்டு, அவனை இறக்க வேண்டுமானால் துறைமுகத்திலிருந்து கிரேன்தான் வர வேண்டும்.

இணையம் இருப்பது கீழே, சமையலறையில். அங்கிருக்கும் பழைய மோடம் பெட்டியிலிருந்து பக்கத்து வீட்டு இடால்பெர்த்தோ சுவர் சுவராக ஓட்டை போட்டு, முற்றத்தைச் சுற்றியுள்ள ஆறு வீட்டுக்கும் ஒயர் இழுத்திருந்தான். எல்லாம் ஒயர்தான், வைஃபை கிடையாது. எலிசேயோவிடம் இருப்பதோ டேட்டா இல்லாத செல்போன், அதில் ஒயர் எங்கே சொருகுவது? அதனால் ஒஸ்மேலியா சொந்தக்காரர் ஒருவரிடம் வைஃபை ரூட்டர் இரவல் வாங்கி வந்தாள். மணி இரண்டு பத்து.

ரூட்டரின் முதுகில் மஞ்சளாக நாலு ஓட்டை, தனியாக ஒதுங்கி நீலமாக ஒன்று. ஒஸ்மேலியா ஒரு நிமிஷம் யோசித்தாள். ஒதுங்கி இருக்கிற வரிசை என்றால் கர்ப்பிணிகளுக்கும் முடியாதவர்களுக்கும். நமக்கு எதற்கு அந்தப் பாவம் என்று பழைய பெட்டியின் ஒயரை மஞ்சள் ஓட்டையில் சொருகினாள்.

பரணிலிருந்து சத்தம் வந்தது. "அக்கா, வைஃபை தெரியுது, ஆனா நெட் வரல."

கூடவே முற்றத்திலிருந்தும். "ஒஸ்மேலியாக்கா, எங்க வீட்ல நெட்டு போச்சு. என்னத்த நோண்டுன?" எதிர்வீட்டு நோர்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மேலும் மூன்று தலைகள்.

ஒஸ்மேலியா வீட்டுத் தொலைபேசியில் இடால்பெர்த்தோ வேலை பார்க்கும் பேக்கரிக்கு அடித்தாள். அவனைக் கூப்பிட ஏழு நிமிஷம் ஆனது. அந்த ஏழு நிமிஷத்தில் அவளுக்கு ஏழு வயது கூடியது.

"புதுப் பெட்டிய எதுல சொருகின?"

"மஞ்சள்ல."

"அதானே பார்த்தேன். உன் வீட்ல இப்ப ரெண்டு பேரு நம்பர் குடுக்குறாங்கக்கா. பழைய பெட்டி ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். யார் சீட்டு செல்லும்னு மிஷினுக்கெல்லாம் தெரியல."

ஒஸ்மேலியா நிமிர்ந்தாள். "ஒரே வரிசைக்கு ரெண்டு பேரு டோக்கன் குடுத்தா அடிதடிதான் நடக்கும். இத முதல்லயே சொல்றதுக்கென்ன, மாவு பிசையிறவனே? எவன் வாய மூடணும்?"

"புதுசு. ஒயர் மஞ்சள்லயே இருக்கட்டும். ரெண்டும் ஒரே கதவு எண்ண வேற வெச்சிருக்கு. எலிசேயோவ புதுப் பெட்டியோட செட்டிங்ஸ் பக்கத்த செல்போன்ல திறக்கச் சொல்லு. அந்தக் கதவு எண்ணு கடைசில ஒண்ணுன்னு முடியும், அத இருநூறு ஆக்கணும். அப்புறம் நம்பர் குடுக்குற இடத்துல இருக்குற டிக்க எடுக்கணும்."

அவன் சொன்னதை அவள் பரணுக்குக் கத்தினாள். பரண் சொன்னதை அவனுக்குக் கத்தினாள். மணி இரண்டு நாற்பத்தெட்டு.

"டிக்க எடுத்தாச்சுக்கா. வைஃபை அறுந்துருச்சு."

"அறுந்தா பரவால்ல, மறுபடி சேரச் சொல்லு," என்றான் இடால்பெர்த்தோ. "மத்த வீட்லயெல்லாம் ஒயர பிடுங்கிட்டுச் சொருகட்டும். பழைய சீட்ட கிழிச்சாத்தான் புதுசு கிடைக்கும்."

அவள் முற்றத்துக்கு வந்தாள். "எல்லாரும் ஒயர பிடுங்குங்க. மூணரை மணி வரைக்கும் எவரும் திருப்பிச் சொருகக் கூடாது. லைன் ஒல்லி, என் தம்பி பாட்டு பெருசு."

"என் சீரியல் பாதியில நிக்குது," என்றாள் நோர்கா.

"அந்த மாமியார் அரை மணி நேரத்துல திருந்திடப் போறதில்ல. பிடுங்கு."

ஒவ்வொரு கதவாகப் போய் ஒயர் தரையில் கிடப்பதைக் கண்ணால் பார்த்தாள். திரும்பி வந்தபோது இரண்டு ஐம்பத்தொன்பது. ஏணியின் பாதியில் ஏறி நின்றாள்.

அப்புறம் ஒரு அந்நிய ஆண் குரல் பரணிலிருந்த செல்போனில் கேட்டது. "தெளிவா தெரியுறீங்க, சார். ஆரம்பிங்க."

எலிசேயோ பாடினான். முதல் அடியில் குரல் கொஞ்சம் பிசிறியது. ரெண்டாவதில் சரியானது. மூன்றாவதில் முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். பாட்டு முடிந்தது. அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதா, பிடிக்கவில்லையா? ஒஸ்மேலியா ஏணிக் கம்பை முறித்துவிடுகிற மாதிரி பிடித்திருந்தாள்.

"இன்னொண்ணு பாடுங்க," என்றது அந்தக் குரல்.

ரெண்டாவதும் முடிந்து, ஏதோ தாழ்ந்த குரலில் பேசி, அழைப்பு அணைந்தது.

"என்னடா சொன்னாரு?"

"கட்டு எப்பப் பிரிப்பாங்கன்னு கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"இருபதாம் தேதின்னேன். அப்ப அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலிருந்து வேலைக்கு வாங்கன்னுட்டாரு. ஆறு மாசம்."

ஒஸ்மேலியா ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே வாசலில் நோர்கா ஒயர் முனையைக் கையில் பிடித்தபடி, கன்னம் நனைந்து நின்றிருந்தாள்.

"இப்ப சொருகலாமாக்கா?"

"மணி மூணு பதினாறுதான் ஆகுது," என்று மூக்கை உறிஞ்சினாள் ஒஸ்மேலியா. "சரி, சொருகு. அழுதுகிட்டே சொருகாத, கரண்ட் அடிக்கும்."